முதலில் கூண்டேறப் போவது உங்கள் பொருளாளர்: திருகோணமலை மத நிறுவன நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்து ஆலய பரிபாலன சபையினருக்கும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினருக்கும், பங்குச் சபையினருக்கும், ஜெப மண்டபப் போதகர்களுக்கும், விகாரைத் தாயக சபையினருக்கும், இவர்கள் எல்லோருக்கும் ஆலோசனை சொல்லும் சட்டத்தரணிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் நிர்வாகத்தைப் பற்றி யாரோ முகநூலில் எழுதிவிட்டார். அன்றிரவே சபை கூடுகிறது. "பத்துக் கோடி கேட்டு ஒரு லெட்டர் போடுவோம், ஆள் அடங்கிவிடுவார்" என்கிறார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். வழக்கு உண்மையிலேயே விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, வந்தால் நம் பக்கத்தில் யார் சாட்சி சொல்வது என்று மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்காகத்தான் இந்த மடல். குடியியல் வழக்கு நடைமுறையோடும் மத நிறுவனக் கணக்குகளோடும் பழகியவர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். நிலாவெளி முதல் மூதூர் வரை எந்தவொரு சபையையும் மனதில் வைத்து எழுதவில்லை. தொப்பி அளவாக இருந்தால் அது தற்செயல்.

முதலில், அவதூறு இந்த நாட்டில் இப்போது குற்றம் அல்ல. தண்டனைச் சட்டக்கோவையில் அதற்கென்று இருந்த 19ஆம் அத்தியாயத்தை 2002ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. ஆகவே அவதூறுக்காக ஒருவரை "உள்ளே தள்ளுவது" என்ற பேச்சுக்கு இருபது வருடங்களுக்கு மேலாக இடமில்லை. மிஞ்சியிருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும் குடியியல் வழக்கு. அதை ஆள்வது ரோமன் டச்சுச் சட்டம். காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்திய பதிவைத் தோண்டியெடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்புகிறவர், தன் சட்டத்தரணியிடம் திகதியைக் காட்டவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, வழக்காளி யார்? பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட நிறுவனமாக இருந்தால் அதன் பெயரிலேயே வழக்காடலாம். பல சபைகள் அப்படியல்ல. ஒரு யாப்பும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும், சட்டத்தில் ஆளுமை இருக்காது. அப்போது தலைவரும் செயலாளரும் தனிப்பட்ட முறையில் வழக்காளியாக வேண்டும், அல்லது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவின் கீழ் பலர் சார்பாக வழக்காட நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். தனிப்பட்ட முறையில் போனால், எழுதப்பட்டது தன்னைக் குறிக்கிறது என்று அந்தத் தலைவர் நிரூபிக்க வேண்டும். "கோயில் காசு எங்கே போகிறது?" என்று ஒருவர் பொதுவாகக் கேட்டிருக்கிறார். "அவர் சொன்னது என்னைத்தான்" என்று நீங்கள் திறந்த மன்றில் எழுந்து சொல்லப் போகிறீர்கள். அதன் பொருளை ஊர் தானாக விளங்கிக்கொள்ளும்.

சரி, வழக்குப் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அழைப்பாணை பதிவுத் தபாலில் போகும். அது திரும்பி வந்தால், நீதிமன்றக் கட்டளைகளை நேரில் சேர்ப்பிக்கும் அலுவலரான பிஸ்கல் கொண்டுபோவார். எதிராளி தன் சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரமான புரொக்சியைப் போட்டு, மறுமொழி தாக்கல் செய்வார். அந்த மறுமொழியில் ஏறக்குறைய எப்போதும் இருக்கும் வாசகம்: நான் எழுதியது உண்மை, அதைச் சொல்வது பொதுநன்மைக்குரியது. நம் சட்டத்தில் உண்மை மட்டும் போதாது, பொதுநன்மையும் சேர வேண்டும். பொதுமக்களிடம் காணிக்கையும் நன்கொடையும் வாங்கும் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பேசுவது பொதுநன்மை அல்ல என்று வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். இந்த எதிர்வாதத்தை நிரூபிக்கும் பாரம் எதிராளியுடையது, உண்மைதான். ஆனால் அது ஓர் எழுவினாவாக, அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வியாக, பதியப்பட்ட நிமிடத்திலிருந்து வழக்கின் பொருள் மாறிவிடுகிறது. அதுவரை வழக்கு அவருடைய பதிவைப் பற்றியது. அதன்பின் உங்கள் கணக்கேட்டைப் பற்றியது.

கணக்கேடு மன்றுக்கு வரும் வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 94ஆம் பிரிவின் கீழ் எதிராளி எழுத்தில் கேள்விகள் கொடுத்துச் சத்தியக்கடதாசி மூலம் பதில் கேட்கலாம். 102ஆம் பிரிவின் கீழ் உங்கள் வசமுள்ள ஆவணங்களை வெளிப்படுத்தும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம். இதுவரை மகாசபைக் கூட்டத்தில் "அடுத்த வருஷம் காட்டுவோம்" என்று தள்ளிப்போட்ட வங்கிக்கூற்று இப்போது நீதிமன்றக் கட்டளைக்கு உட்படுகிறது.

பிறகு விளக்கம். வழக்கமாக வழக்காளி தரப்புத்தான் முதலில் சாட்சியை அழைக்கும். தலைவர் வருவார். தனக்குக் கணக்குத் தெரியாது, அது பொருளாளர் பொறுப்பு என்று குறுக்கு விசாரணையில் சொல்வார். ஆகவே பொருளாளர் கூண்டேறுவார். எதிராளியின் சட்டத்தரணி கொஞ்சம் ஆயத்தம் செய்தவராக இருந்தால் கேள்விகள் இப்படி வரும்: உண்டியல் கடைசியாக எந்தத் திகதியில் திறக்கப்பட்டது, எத்தனை பேர் முன்னிலையில், எண்ணிய தொகைக்கு யார் யார் கையொப்பமிட்டார்கள், அதே தொகை எத்தனையாம் நாள் வங்கிக்குப் போனது? நேர்த்தியாக வந்த தாலியும் வளையலும் எடை பார்க்கப்பட்டதா, எத்தனை கிராம், எந்தப் பதிவேட்டில், எத்தனையாம் பக்கம்? கட்டட வேலைக்கு எத்தனை பேரிடம் விலைமனு கேட்டீர்கள்? பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் எத்தனை அச்சடித்தீர்கள், அத்தனையின் அடிக்கட்டையும் கையில் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளில் பெரும்பாலான சபைகள் தடுக்கி விழுகின்றன. களவு எடுத்ததால் என்று நினைத்துவிட வேண்டாம், ஒழுங்கீனம்தான் பெரும்பாலும் காரணம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊரவர் திருப்பணிக்கு அனுப்பும் பணம், சபைக்கு ஒழுங்கான வங்கிக்கணக்கு இல்லாததால், ஓர் உறுப்பினரின் சொந்தக் கணக்குக்கு வரும். அவர் நேர்மையாக எடுத்துக் கொடுத்திருப்பார், ஆனால் காகிதத்தில் அது அவருடைய பணம். உண்டியல் காசில் அன்றைய பூக்காரருக்கும் மின்சாரக்காரருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வங்கியில் போடுவார்கள். எண்ணியதும் வைப்பிட்டதும் ஒருநாளும் பொருந்தாது. மொத்தத்தையும் வைப்பிட்டுவிட்டுச் செலவைக் காசோலையில் செய்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. கணக்காய்வைச் சபையின் முன்னாள் செயலாளரே செய்திருப்பார். இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டு முற்றத்தில் நின்று நல்ல விளக்கம் சொல்லலாம். கூண்டில் நின்று சொல்லும்போது அதே விளக்கம் சாக்குப்போக்காகக் கேட்கும்.

இதெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு நடப்பதுமல்ல. அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை. யாரும் வந்து பின்வாங்கில் உட்காரலாம். நடந்ததை நேர்மையாகவும் சரியாகவும் எழுதலாம். "வழக்கு நடக்கிறது, யாரும் வாய் திறக்கக் கூடாது" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் சபைகள் சட்டத்தைத் தவறாகச் சொல்கின்றன. முகநூலில் நாற்பது பேர் விருப்பம் போட்ட ஒரு பதிவு, இலக்கமிட்ட வழக்கேடாகி, தவணைக்குத் தவணை செய்தியாகிறது. நீதிபதி மாற்றலாகிப் போனால் பதிந்த சாட்சியத்தை ஏற்றுத் தொடர்வதா, மீண்டும் தொடங்குவதா என்ற பேச்சு வரும். தீர்ப்புக்குப் பிறகு மாகாணத்தின் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம், அதன்பின் அனுமதி கிடைத்தால் கொழும்பு உயர் நீதிமன்றம். அதற்குள் இரண்டு நிர்வாக சபைகள் மாறிவிடும். சட்டத்தரணிக்கான செலவு மட்டும் மாறாமல் உண்டியலிலிருந்தே போகும். அந்தச் செலவுக்கு மகாசபையின் அனுமதி எடுத்தீர்களா என்பது அடுத்த முகநூல் பதிவு.

வெளிநாட்டில் பெரிய நிறுவனங்கள் பட்ட பாடு இதற்குச் சாட்சி. மூன் என்பவரின் ஐக்கியத் திருச்சபையைப் பற்றி 1978இல் பிரித்தானியாவின் டெய்லி மெயில் கடுமையாக எழுதியது. திருச்சபைத் தரப்பு வழக்குப் போட்டது. 100 நாட்களுக்கு மேல் நீதிமன்றத்தில் இழுபட்டு, 1981 மார்ச்சில் தோற்றது. செலவுத்தொகை சுமார் 750,000 பவுண். அதைவிடப் பெரிய அடி யூரிமார் கொடுத்தது: இந்த அமைப்பின் வரிவிலக்கு நிலையை அரசாங்கம் ஆராய வேண்டும் என்று யாரும் கேட்காமலே தீர்ப்போடு சேர்த்துச் சொன்னார்கள். அதன் தர்மஸ்தாபன அந்தஸ்தை நீக்கும் முயற்சி 1988 வரை தலைக்குமேல் தொங்கியது. ஒரு பத்திரிகைக் கட்டுரையால் அந்த ஆராய்வு வந்திருக்காது. அதைக் கொண்டுவந்தது அவர்களே போட்ட வழக்கு.

அமெரிக்காவின் சயன்டாலஜி என்ற மத அமைப்பின் (திருச்சபையின்) கதை இன்னும் நீளம். டைம் சஞ்சிகை 1991இல் எழுதிய முகப்புக் கட்டுரைக்காக 416 மில்லியன் டொலர் கேட்டார்கள். 1996இல் வழக்குத் தள்ளுபடியானது, 2001இல் மேன்முறையீடும் போயிற்று. ஆனால் நம் சபைகள் கவனிக்க வேண்டியது வேறொரு வழக்கின் கோப்பை. முன்னாள் உறுப்பினர் ஒருவர் மீது அவர்கள் போட்ட வழக்கில், 1993இல் அவர் தன் சத்தியக்கடதாசியோடு திருச்சபையின் இரகசியப் போதனை ஏடுகளை இணைத்துவிட்டார். மேல்நிலை உறுப்பினருக்கு மட்டும், பெருந்தொகை கட்டிய பிறகே காட்டப்படும் ஏடுகள் அவை. இணைத்ததும் அவை லொஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய வழக்கேடாயின. திருச்சபை என்ன செய்தது தெரியுமா? தினமும் ஆளனுப்பி, பதிவகம் திறந்ததும் கோப்பை இரவல் வாங்கி, மூடும்வரை கையிலேயே வைத்திருக்கச் செய்தது, வேறு எவரும் படித்துவிடாதபடி. சுமார் இரண்டு வருடம் இந்தக் காவல் நடந்தது. அப்படியிருந்தும் 1995 ஓகஸ்டில் வொஷிங்டன் போஸ்ட் ஒரு நிருபரை அனுப்பிப் பதிவாளரிடமே பிரதி எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் கோப்பு முத்திரையிடப்பட்டது. பத்திரிகை மீதும் வழக்குப் போட்டார்கள், அதிலும் பத்திரிகை தப்பியது. வழக்கே போடாதிருந்தால் அந்த ஏடுகள் அந்த அலமாரிக்கு வந்திருக்காது.

ஜப்பானில் கோஃபுகு நோ ககாகு என்ற மத அமைப்பு ஒரு படி மேலே போனது. நன்கொடை தொடர்பாக ஒரு முன்னாள் உறுப்பினர் வழக்காட, அவருக்காக ஆஜரான சட்டத்தரணி மீதே 80 கோடி யென் கேட்டு வழக்குத் தொடுத்தது. வாயை அடைப்பதற்காகவே போடப்பட்ட இந்த வழக்கு சட்டவிரோதமானது என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2001இல் சொல்லி, 10 இலட்சம் யென்னை அமைப்பே அவருக்குக் கட்ட வேண்டும் என்று தீர்த்தது. வாயடைப்பு வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட நம் நாட்டில் தனிச்சட்டம் இன்னும் இல்லை. இது உங்களுக்கு வசதி என்று நினைக்க வேண்டாம். தொடக்கத்தில் தள்ளப்படாத வழக்கு முழுதாக நடக்கும், பொருளாளர் முழுதாகச் சாட்சி சொல்வார்.

குடியியல் வழக்கு நீளம் என்பதால் சிலர் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் குறுக்குவழியை விரும்புகிறார்கள். மதவுணர்வைப் புண்படுத்தியதாகத் தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகள், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம். கடைசியாகச் சொன்னதன் 3ஆம் பிரிவில் ஒருவர் சிக்கினால் நீதிவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம் மட்டுமே விதிவிலக்கான சூழ்நிலையில் கொடுக்கலாம். தண்டனை பத்து வருடம் வரை. அதாவது வழக்கில் வெல்லாமலே ஒருவரை மாதக்கணக்கில் உள்ளே வைக்கலாம். அதுதான் இதன் கவர்ச்சி என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விளைவைப் பாருங்கள். எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக, பிக்குகளின் முறைப்பாட்டின் பேரில், 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதம் மறியலில் இருந்தார். 2021இல் விடுவிக்கப்பட்டார். சிங்களத்தில் சில நூறு பேர் வாசித்திருக்கக்கூடிய ஒரு கதையைப் பற்றி உலகின் எழுத்தாளர் அமைப்புகள் பேசின. ரம்சி ராசிக் 2020இல் ஒரு முகநூல் பதிவுக்காக ஐந்து மாதம் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023இல் தீர்த்தது. தமிழில் எழுதும் அஹ்னாப் ஜஸீம் கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மே மாதம் கைதாகி, ஒன்றரை வருடத்துக்குப் பின் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் குற்றமற்றவரானார். இந்த மூன்றும் ஒரே மாதிரியான வழக்குகள் அல்ல. ஆனால் சொல்லுக்காக ஒருவரை மறியலுக்கு அனுப்பினால் அந்தச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மூன்றுமே போதும். கணக்குக் கேட்டவரை மதப்பகையைத் தூண்டியவர் என்று முறைப்பாடு செய்வதைவிட மோசமானது இந்த மாவட்டத்தில் வேறொன்றில்லை. மூவினமும் ஒரே பஸ்நிலையத்தில் நிற்கும் ஊர் இது. உள்வீட்டுக் கணக்குச் சண்டைக்கு மதச்சாயம் பூசினால், சாயம் உங்கள் சுவரோடு நிற்காது.

இடைக்காலத் தடை உத்தரவு பற்றியும் ஒரு வார்த்தை. எதிராளியைக் கேட்காமலே பெறும் தடுப்புக் கட்டளை முதல் தடவையில் 14 நாளுக்கு மேல் போகாது. அதைக் கேட்டுச் செல்பவர் எல்லா உண்மையையும் மன்றுக்குச் சொல்ல வேண்டும். முன்னர் கணக்குக் கேட்டு அவர் எழுதிய இரண்டு கடிதங்களை மறைத்திருந்தால், அது தெரியவந்த அன்று கட்டளை கலையும், உங்கள் பெயரும் சேர்ந்து கலையும். பதிவை நீக்கச் சொல்லிக் கட்டளை வாங்கினாலும் டொரொன்டோவில் இருப்பவரின் தொலைபேசியில் உள்ள திரைப்பிடிப்பை அது தொடாது. அதே திரைப்பிடிப்பை நீங்கள் சான்றாகக் கொடுக்கப் போனாலும் இலகு அல்ல. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தில் விளக்கத்துக்கு 45 நாள் முன்னதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டமா, 2006இன் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டமா பொருந்தும் என்ற வாதமே ஒரு தவணையை விழுங்கிவிடும்.

இன்னொன்று, கோயில்காரர் கட்டாயம் கேட்க வேண்டியது. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 102ஆம் பிரிவுப்படி, வழிபாட்டிடத்தில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்தால் நிர்வாகத்துக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு முன் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அரச அதிபரிடம் மனுக் கொடுத்து விசாரணை கோர வேண்டும் என்ற படி உண்டு. கணக்குக் காட்டச் சொல்வதிலிருந்து பொறுப்பாளரை நீக்குவது வரை கேட்கலாம். நீங்கள் வழக்குப் போடும் வரை உங்கள் விமர்சகர் தனி ஆள். போட்ட பிறகு அவருக்கு இன்னும் நாலு பேர் கிடைப்பது பெரிய காரியமில்லை. பள்ளிவாசல் என்றால் இதே வேலையை 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வக்பு சபையும் வக்பு நியாயசபையும் செய்யும். அரச காணியோ பிரதேச சபை நிதியோ பெற்றிருந்தால், அந்த அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைக்கான ஆர்டிஐ 01 படிவம் ஒன்று போட்டால் போதும். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அப்படியானால் யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? இல்லை. ஒரு குருக்கள் மீதோ மௌலவி மீதோ அருட்சகோதரி மீதோ பெயர் குறித்துப் பாலியல் குற்றம் சாட்டப்பட்டு, அது முழுப்பொய் என்று காட்ட உங்களிடம் ஆதாரம் இருந்தால், பாதிக்கப்பட்ட அந்த ஆள் தன் பெயரில் வழக்காடட்டும். நாங்களே புரொக்சி எழுத உதவுவோம். "இத்தனை இலட்சத்தை இன்னார் எடுத்தார்" என்பது உண்மையா பொய்யா என்று சோதிக்கக்கூடிய கூற்று. "இந்த நிர்வாகம் சரியில்லை, வெட்கக்கேடு" என்பது அபிப்பிராயம், நியாயமான விமர்சனம் என்ற எதிர்வாதத்துக்குள் வரும். முதலாவதுக்கு வழக்குண்டு, இரண்டாவதுக்குப் பொறுமைதான் உண்டு. விமர்சனம் எழுதுகிறவர்களும் இந்த வேறுபாட்டைப் படித்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. "கள்ளக்கூட்டம்" என்று எழுதுவதற்கு ஐந்து நொடி போதும், மன்றில் அதை உண்மையென்று நிறுவ ஐந்து வருடம் போதாது.

கோரிக்கைக் கடிதத்துக்கு முன் செய்யக்கூடியது மிகச் சிறியது. எழுதப்பட்டதை வரிவரியாக எடுத்து, எந்த வரி பிழை என்று குறியுங்கள். அந்த வரிக்கு எதிரே வங்கிக்கூற்றின் பக்கத்தையோ பற்றுச்சீட்டின் இலக்கத்தையோ போட்டு, கையொப்பத்தோடு வெளியிடுங்கள். பத்திரிகையில் வந்திருந்தால் ஆசிரியருக்குத் திருத்தம் எழுதுங்கள், கேட்காவிட்டால் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. அங்கே கட்டணமும் இல்லை, பொருளாளர் கூண்டேறுவதும் இல்லை. வெளியார் ஒருவரைக் கொண்டு கணக்காய்வு செய்து, ஆண்டுக்கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். நகைகளை எடை, படம், தந்த திகதி சகிதம் பதிவேடாக்குங்கள். தந்தவர் விரும்பாவிட்டால் பெயர் வேண்டாம். பதில் எழுத உட்காரும்போது பக்கத்தில் வைக்கப் பற்றுச்சீட்டு இல்லை என்று தெரியவந்தால், அந்த உண்மை உங்கள் சபைக்குள்ளேயே, யாரும் பார்க்காத நேரத்தில் தெரியவந்திருக்கிறது. அதற்கு விமர்சகருக்கு நன்றி சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

ஏற்கெனவே வழக்குப் போட்டுவிட்ட சபைகளுக்கு: குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 406ஆம் பிரிவின் கீழ் வழக்கைக் கைவாங்கலாம். மீண்டும் போடும் அனுமதி கேட்காமல் கைவாங்கினால் அதே காரணத்துக்குப் புதிய வழக்குப் போட முடியாது, எதிராளியின் செலவையும் கட்ட வேண்டி வரலாம். விளக்கம் தொடங்க முன்னர் இரு தரப்புச் சட்டத்தரணிகளும் பேசினால், கணக்கறிக்கையை வெளியிடுவது ஒரு பக்கம், பிழையான வரியைத் திருத்துவது மறுபக்கம் என்று இணக்கத் தீர்ப்பாகவும் பதியலாம். விளக்கத்துக்கு முன் வழக்கை ஒழுங்குபடுத்தும் முன்விளக்கத் தவணையே அதற்கு நல்ல நாள். அடுத்த தவணைத் திகதியைப் பார்த்துவிட்டு, அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சபையைக் கூட்டுங்கள்.

இப்படிக்கு,
வழக்கேடும் கணக்கேடும் பார்த்துப் பழகிய சிலர்,
திருகோணமலை.